சிவப்புப் பொட்டு

மின்னசோட்டாவில் பிப்ரவரி.
காருக்கும் சர்ச் கதவுக்கும் பதினாறு எட்டு,
அதற்குள் இமைமயிர் ஒட்டிக்கொள்கிறது.
பெல்ட் மாட்டிய குழந்தைபோல்
பின்சீட்டில் அமர்ந்து வந்தது என் ரோஸ்டர்.

பண்ணை ஏலத்தில் ஒன்பது டாலர்.
என்னைவிடப் பதினோரு வயது மூத்தது.
பால்வெள்ளை எனாமல், தோளில் ஒரு சில்லு,
துணி சுற்றிய வயர்.
குமிழில் முந்நூற்றைம்பது இருந்த இடம்
யாரோ ஒருத்தியின் கட்டைவிரல் பட்டுப் பட்டு
வழுக்கையாகிவிட்டது.
நான் காதால் சமைக்கிறேன்:
ஒரு டிக், சூடு பிடிக்கிறது.
மறு டிக், போதும் என்கிறது.
இரவெல்லாம் அதன் வயிற்றில் பன்றித் தோள்,
இருபது பவுண்டு, வெங்காயத்தின் மேல் படுத்து.
மூடியைத் திறக்கவில்லை.
எட்டிப் பார்த்தால் இருபது நிமிடம் நஷ்டம்.

அடித்தளத்தில் ஏற்கெனவே ஐந்து ரோஸ்டர்கள்,
மூடிகளில் ஒட்டுத்தாள்:
ஆர்லிஸ் க்வாம். பெர்னடீன்.
ஆர்டெல் நைகார்ட், திருப்பிக் கொடுக்கவும்.
காபி அண்டா வேறு.

இறந்தவர் ஓர்வல் ஸ்டென்ஸ்ருட்.
இந்தச் சுவர்களுக்கு வயர் இழுத்தவர்.
கூலி வாங்கவில்லை; வேலையிலும் அது தெரியும்.
எந்த பிளக் எந்த ஃப்யூஸில் என்பது
அவருக்கும் கடவுளுக்கும்தான் வெளிச்சம்.
இப்போது இருவரும் ஒரே பக்கம்.
ஒன்றை மட்டும் சொல்லிவைத்திருந்தார்:
மனைவியின் நகப்பூச்சில்
சிவப்புப் பொட்டு வைத்த பிளக்கைத் தொடாதீர்கள்.
போன இலையுதிர் காலத்தில்
இளைஞர் குழு சுவருக்கு வெண்ணெய்நிறம் அடித்தது.
பிளக்குகளுக்கும் சேர்த்து.

மேலே பாட்டின் இரண்டாம் அடி.
கீழே நான் செருகினேன்.
சுவருக்குள் யாரோ விரல் சொடுக்கியதுபோல் ஒரு சத்தம்.
ஆர்கன்
காற்றிறங்கும் பசுவின் மடிபோல் தொய்ந்து,
நின்றது.

ஒரு கணம் எதுவுமில்லை.
பிறகு குரல்கள் மட்டும்,
மாட்டுக்காரர்களின் குரல்கள், தாழ்ந்து, தாமதித்து,
பனியில் டிராக்டர் கிளம்புவதுபோல்
ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன.

டப்பாவில் மிச்சம் ஒரே ஃப்யூஸ்.
அதைப் போட்டால் ஆர்கன், இல்லையேல் இறைச்சி.
"காபியைப் பிடுங்கலாம்" என்றேன்.
பெர்னடீன் பார்த்த பார்வையில்
நான் ஊருக்குப் புதியவளானேன், மறுபடி.
ஆர்லிஸ் கூரையைக் கேட்டாள்.
"அவர்கள் நன்றாகத்தான் பாடுகிறார்கள்."
காகிதக் கைக்குட்டையில் எழுதினாள்:
லியோனா, சுவிட்சை அணை. நூற்றிருபது பேர். பசி.

ஏப்ரனோடு நான்தான் மேலே போனேன்.
பக்கவழியில், குனிந்து,
பன்றியும் கிராம்பும் மணக்க.
லியோனா படித்தாள். தலையசைத்தாள்.
தன் கைகளை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு
அவளும் பாடத் தொடங்கினாள்.
முதல் வரிசையில் ஓர்வலின் மனைவி ஸோல்வெய்க்
என் ஏப்ரனைப் பார்த்தாள்,
பெட்டியைப் பார்த்தாள்,
இரண்டு கையாலும் வாயைப் பொத்தினாள்.
தோள்கள் குலுங்கின.
பக்கத்திலிருந்தவர்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள்.
எனக்குத் தெரியும் அது என்னவென்று.

கீழே புது ஃப்யூஸ்.
நாங்கள் நால்வரும் மூச்சுப் பிடித்து நின்றோம்.
டிக்.

பிறகு பன், ஊறுகாய், உருளைக்கிழங்கு,
இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு.
எலும்பு தானாகக் கழன்று வந்தது.
ஸோல்வெய்க் அடிப்பிடித்த ஓரத்தைக் கேட்டு வாங்கினாள்.

எல்லாரும் போனபின்
வெண்ணெய்க் கத்தியால் பெயிண்டைச் சுரண்டினேன்.
முதல் பிளக்கில் சிவப்பு.
சரி, இதுதான் என்று நினைத்தேன்.
இரண்டாவதிலும் சிவப்பு.
நான்காவதிலும்.
மூன்றாவதில் ஒரு நீலப் பொட்டு.
அதைப் பற்றி அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து பார்த்தால்
என்னுடையதன்மேல் ஆர்டெல் நைகார்டின் மூடி.
அரை அங்குலம் பெரிது.
சூடு ஏறும்போதெல்லாம்
மெல்லத் தாளம் போடுகிறது.
இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.