அஞ்சலாட்சிக்கு இன்றைய விலை

கடலூர் முதுநகரில் உப்பனாற்றுப் பக்கம்
பத்துக்குப் பன்னிரண்டு கடை.
பிரித்துப் போட்ட கியர்பாக்ஸ், டீசல் வாடை,
பலகையில் பெண்டாட்டி பெயர்:
அஞ்சலாட்சி மரைன் ஒர்க்ஸ்.

வெப்சைட் நானே செய்ததுதான்.
மூன்று ராத்திரி, ஆறு கொசுவத்திச் சுருள்.
எந்த இன்ஜினுக்கு எந்த வாஷர்,
பம்ப் தண்ணீர் இழுக்காவிட்டால்
முதலில் எதைக் கழற்றிப் பார்ப்பது,
தெரிந்ததை எல்லாம் எழுதிவைத்தேன்.
எழுதிவை, தேடுகிறவன் வந்து சேர்வான் என்று
அப்போது சொன்னார்கள்.
வரவும் வந்தார்கள்.
சாமியார்பேட்டையிலிருந்து, ஒருமுறை நாகூரிலிருந்து,
போனில் என் பக்கத்தைத் திறந்து நீட்டியபடி,
"இந்த வாஷர்தானே?"

பிறகு ஒரு பெண் போன் செய்தாள்.
"சார், உங்க கடை ரெண்டாவது பக்கத்துல இருக்கு.
ரெண்டாவது பக்கத்துக்கு யாருமே போறதில்ல சார்."
நான் போவேனே என்றேன்.
சிரித்தாள்.
கட்டினேன்.

ஒருவர் தொட்டால் முப்பத்தொரு ரூபாய்.
அந்த மாதம் தொட்டவர்களில் ஒருவர்
கடை திறந்திருக்கிறதா என்று பார்த்த என் மச்சான்.
இன்னொருவர் அஞ்சலாட்சியே.
புதுப் போனில் என் நம்பர் இல்லாமல்
கடை பெயரைப் போட்டுத் தேடியிருக்கிறாள்.
"சோறு ஆறிப்போகுது"
என்பதை அன்று
முப்பத்தொரு ரூபாய் கொடுத்துக் கேட்டேன்.

போன வைகாசியில்,
தடைக்காலம் முடிய ஒன்பது நாள்.
கரையில் ஏற்றிய விசைப்படகுகள் எல்லாம் பெயிண்ட் வாசம்.
எங்களுக்கு வருஷத்துச் சோறு இந்த ஒன்பது நாளில்.
முழுப் பெயரையும் அடித்துத் தேடினேன்.
முதலில் வந்தது ஒரு சென்னைக் கம்பெனி.
இரண்டாவதும் சென்னை.
மூன்றாவது, படகையே பார்த்திராத ஏதோ டெல்லி நம்பர்.
ஓரத்தில் பொடி எழுத்தில், கூச்சத்தோடு,
'விளம்பரம்'.
கட்டைவிரலால் இரண்டு முறை தள்ளினால்
நான்.

அந்தப் பெண்ணையே கேட்டேன்.
"அவங்க உங்க பேரை ஏலத்துல கேக்குறாங்க சார்.
நீங்களும் கேக்கலாம்."
என் பெண்டாட்டி பெயரை?
"ஆமா சார். நாப்பத்திரண்டு ரூபாய்ல ஆரம்பிக்கலாம்."

துறைமுகத்தில் தினமும் ஏலம் பார்க்கிறவன் நான்.
செங்கேணி ஐஸைத் தள்ளி
வஞ்சிரத்தின் செவுளைப் பிளந்து காட்டுவாள்.
எதிரே நின்று கேட்கிறவன் முகம் தெரியும்,
அவன் நேற்று வைத்த பாக்கியும் தெரியும்.
கேட்டவன் காசு கொடுப்பான்.
மீன் ஒருநாளும் காசு கொடுத்ததில்லை.
இங்கே
மீனே எழுந்து நின்று
தன்னைத்தானே ஏலம் கேட்கிறது,
இருட்டில்,
எவன் எவ்வளவு சொன்னான் என்று தெரியாமல்.

ராத்திரி அவளிடம் சொன்னேன்.
கத்துவாள் என்று நினைத்தேன்.
"இன்னிக்கு எவ்வளவுக்குப் போகுது?"
ஐம்பத்தாறு.
"பொண்ணு பாக்க வந்தப்போ
உங்க வீட்டுல இவ்வளவு தாங்கலயே என் பேரை."
சிரித்தோம்.
அப்புறம் அவள் முகம் கழுவப் போனவள்
வெகுநேரம் வரவில்லை.

தூக்கம் வராமல் திரையைத் திறந்தால்
வரம்பை உயர்த்தினால் மேலும் பலர் என்னைக் காண்பார்களாம்.
அறுபது என்று அடித்தேன்.
உறுதிதானா என்று கேட்டது.
அந்நேரம் ஆற்றில் ஒரு ஃபைபர் படகு போனது.
இன்ஜெக்டர் அடைத்திருக்கிறது,
படுத்த இடத்திலிருந்தே தெரிந்தது.
யார் படகென்று தெரியவில்லை.
விடிந்ததும் அவனும் தேடுவான்.

சத்தம் விக்கி விக்கி
முகத்துவாரம் தாண்டும்வரை
விரலைத் திரைக்கு மேலேயே வைத்திருந்தேன்,
தொடாமல்.