இருபத்தொன்றாவது வளைவு

ஏற்காட்டிலிருந்து இறங்கினால் கொண்டை ஊசி இருபது.
எனக்குத் தெரியாதா, பதினோரு வருஷமாய்
நாகலூர் காப்பி மூட்டையைச்
செவ்வாய்ப்பேட்டைக்கு இறக்குகிறவன்.

கனவில் மட்டும் இன்னொன்று.
அடிவாரம் வர வேண்டிய இடத்தில் பனி.
பனிக்குள் எண் எழுதாத மஞ்சள் பலகை.
அதன் கீழே கைகாட்டி நிற்பான் ஒருவன்,
தலை கவிழ்ந்து, வெறுங்காலோடு.
பிரேக்கை நான் மிதிப்பதில்லை.
வண்டி அவனுக்காகத் தானே தணியும்.

பக்கத்து சீட்டில் நாய்.
மிளகுக் கொடிக்கடியில் குட்டியாய்க் கிடைத்தது,
ஒரு காது மட்டும் நிமிராது.
என் மணிக்கட்டைக் கவ்வும். விழித்துக்கொள்வேன்.
காலையில் பல் பதிந்திருக்கும்.
"நாயோட என்ன விளையாட்டு, ஊசி போட அலையணும்"
என்பாள் பிலோமினா.
ராத்திரி முழுக்க அது
பூட்டிய சமையல்கட்டில் கிடந்ததை
அவளுக்கு நினைவூட்டியதில்லை.

ஐப்பசி மழையில் ஒருநாள்
கவ்வியும் விழிப்பு வரவில்லை.
என் பக்கக் கதவு திறந்தது.
ஈரக் கை ஒன்று முழங்காலைத் தொட்டது,
பஸ்ஸில் கொஞ்சம் நகரச் சொல்பவனின்
அத்தனை மரியாதையோடு.
நாய் என் மடியைத் தாண்டி வெளியே பாய்ந்தது.

விடிந்தபோது சமையல்கட்டில் விறைத்துக் கிடந்தது.
வாய் இறுகியிருந்தது.
கத்தி கொடுத்தும் திறக்க முடியவில்லை.
சில்வர் ஓக் அடியில் அப்படியே புதைத்தேன்.

இப்போதும் போகிறேன், தினமும், அந்த வளைவுக்கு.
அவன் கை நீட்டுகிறான். நகர முடியவில்லை.
இடது குதிகாலைக் கவ்வியபடி
சேற்றில் படுத்திருக்கிறது என் நாய்.
ஹெட்லைட் பட்டதும் என்னைப் பார்க்கும்.
வாலால் ஒரு தட்டு.
கூப்பிட்டால் வந்துவிடும்.
எதை விட்டுவிட்டும் வந்துவிடும்,
அதனிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அது.

அதனால் பேரை மறக்கப் பழகுகிறேன்.
கழுத்துப் பட்டையைக் கிணற்றில் எறிந்தேன்.
மகள் கரியால் சுவரில் எழுதியதைச் சுரண்டினேன்.
புதுக் குட்டி கொண்டுவந்த எஸ்டேட் ரைட்டர் தேவசகாயத்தை
வாசலோடு அனுப்பினேன்.
இங்கேயும் அதை எழுத மாட்டேன்.

இன்று காலை காப்பி ஆற்றிக்கொண்டே பிலோமினா சொன்னாள்:
"பாவம், தூக்கத்துல எவ்வளவு ஆசையா
அதைக் கூப்பிட்டீங்க."

மழை இல்லை. ஆனாலும் படியில் ஈரம்.
நான்கு பாதம், ஓடிவந்த வேகத்தில்.
அதன் பின்னால்,
இடதை இழுத்து இழுத்து,
அவசரமே இல்லாமல்,
இரண்டு.