ஒன்பது விநாடி

சிரசுத் திருவிழா முடிந்து மூன்றாம் நாள்.
குடியாத்தம் அரசு மருத்துவமனையில்
கட்டிலுக்கு இருவர், தரையில் கணக்கில்லை.
சலைன் பாட்டிலை ஜன்னல் கம்பியில்
கட்டிக்கொண்டிருந்தேன். வந்து சொன்னார்கள்:
வாசல்ல டீவிக்காரங்க மேடம்,
சீஃப் உங்களைத்தான் பேசச் சொல்றாரு.

பேசினேன். பதினோரு நிமிடம்.
கோட்டில் இருந்த வாந்திக் கறை தெரியாமல்
கேஸ் ஷீட் கட்டை மார்போடு பிடித்துக்கொண்டு
வைவாவில் ஒப்பிப்பதுபோல்
கிருமியின் குடும்பப் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.
குழாய்க் கசிவு, குளோரின், உப்புச் சமநிலை,
ஆய்வகம், அறிக்கை, மேலதிகாரி.
ஏழு மைக்குகள் என் வாயைப் பார்த்தபடி நின்றன.
பின்வரிசைப் பையன் கொட்டாவி விட்டான்.
பார்த்தேன்.
பார்த்தும் நிறுத்தவில்லை.

இரவு எட்டு மணிக்கு
அதிலிருந்து ஒன்பது விநாடி எடுத்துப் போட்டார்கள்:
"குழந்தைகளுக்குத் தண்ணீர் கொடுக்காதீர்கள்."

"காய்ச்சாமல், குழாயில் பிடித்த கையோடு"
என்று அதற்கொரு தலை இருந்தது.
"ஆறவைத்து நிறையக் கொடுங்கள்"
என்று பின்னால் கால் இருந்தது.
அம்மன் சிரசைத் தெருத்தெருவாய்ச் சுமந்து வந்து
உடம்பில் பொருத்திக் கும்பிடும் ஊரில்
என் வாக்கியம் முண்டமாய்ப் போனது.
கீழே பெயர்.
ஷாஹிதா, சாகிதா ஆகியிருந்தாள்.

விடியற்காலை ஒருத்தி வந்தாள்.
முந்தானையில் பீடி இலை வாசம்,
தோளில் துவண்ட பிள்ளை.
கண் உள்ளே போயிருந்தது.
வயிற்றுத் தோலைக் கிள்ளினேன்,
மடிப்பு மடிப்பாகவே நின்றது.
ராத்திரி பூரா தண்ணி தண்ணின்னு அழுதானே,
ஏம்மா குடுக்கல?

"நீதானம்மா டீவில சொன்ன."

அவள் பெயரைச் சொல்லமாட்டேன்.
கேமரா இல்லாத இந்தக் காகிதத்திலும்
அது அவளுடையது.

அன்று மாலை பிள்ளை மூத்திரம் பெய்தான்.
சிஸ்டர் எஸ்தர் பிரேமா
லாட்டரி விழுந்ததுபோல் வார்டு முழுக்கக் கத்தினார்.
நான் வராந்தாவுக்குப் போய்
அந்தச் சேனல் பையனைப் போனில் பிடித்துத் திட்டினேன்.
முழுவதும் கேட்டுக்கொண்டான்.
பிறகு மெதுவாகச் சொன்னான்:
"எனக்குக் குடுக்கறதே அரை நிமிஷம் மேடம்.
பதினோரு நிமிஷத்துல நீங்க எதைச் சொல்ல வந்தீங்கன்னு
வெட்டறவருக்கும் தெரியல."

பதிலுக்கு ஏதோ வைத்திருந்தேன்.
வரவில்லை.

அன்றிரவு டியூட்டி ரூமில்
கேஸ் ஷீட்டின் பின்பக்கம் ஒவ்வொரு வாக்கியமாய் எழுதி
பிளாஸ்டர் வெட்டும் கத்தரியால் நறுக்கிப் பார்த்தேன்.
இங்கே வெட்டினால் யார் சாவார்?
இங்கே?
"கூடாது" இருந்த வாக்கியமெல்லாம்
ஏதோ ஒரு வெட்டில் யாரையாவது கொன்றது.
குப்பைக்கூடை நிரம்பிய பிறகு
ஒன்று மிஞ்சியது. நறுக்கினேன்.
துண்டிலும் உயிர் இருந்தது.

மறுநாள் அதே வாசல், அதே மைக்குகள்.
லென்ஸின் கறுப்பில் வேறு யாரையும் பார்க்கவில்லை,
பீடி இலை வாசத்தை மட்டும் பார்த்தேன்.
"காய்ச்சி ஆறின தண்ணி குடுங்க.
நிறையக் குடுங்க."
நிறுத்தினேன்.

நிறுத்துவதுதான் கஷ்டம்.
மௌனத்தை நிரப்பச் சொல்லி
படித்த படிப்பெல்லாம் தொண்டையில் முட்டியது.

"நீர்மோர் பந்தல்தானே காரணம், டாக்டர்?"
இல்லை என்றாலும்
நீர்மோர் என் வாயிலிருந்து வந்ததாகிவிடும்.
"தெரியல. வெள்ளிக்கிழமை ரிசல்ட் வரும்.
இதே இடத்துல நின்னு சொல்றேன்."
"எதையோ மறைக்கறீங்க?"
"தெரியாததைத் தெரியலன்னு சொல்றேன்."
"நேத்து வந்த குழந்தை எந்தத் தெரு? பேர் என்ன?"
"காய்ச்சி ஆறின தண்ணி குடுங்க."

யாரோ சிரித்தார்கள்.
பையன் மட்டும் தலையாட்டினான்.

எட்டு மணிக்கு நான்கு விநாடி வந்தேன்.
முன்பாதியை எடுத்துக்கொண்டு
பின்பாதியை விட்டிருந்தார்கள்.
பரவாயில்லை, யாரும் சாகமாட்டார்கள்.

பெயர் இன்னும் சாகிதாதான்.
வெள்ளிக்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.