முப்பத்தைந்து

சமவெளியில் என்றால் ஐஸ் வாங்க ஓட வேண்டும்.
கோத்தகிரியில் புட்டியை ஜன்னலுக்கு வெளியே வைத்தால் போதும்,
உறைபனி குளிர்வித்துத் தரும்.

மாதிரி எண் பதினொன்று.
அரக்கு முத்திரை சரி. நிறம் நீலம், சரி.
வாசனையில் மட்டும் ஒரு பெட்ரோல் பங்க்.

பித்தளைக் கிண்ணத்தில் ஊற்றி, மெல்லச் சூடேற்றி,
டிகிரிக்கு ஒரு முறை
மணியளவு சுடரை மூடித் துளையில் காட்டி எடுக்கிறேன்.
முப்பத்தைந்து வரை பற்றக் கூடாது என்பது சட்டம்.
பத்தொன்பதில்
நீலமாக ஒரு கண் திறந்து மூடியது.

டிப்போ போஜன் அன்றைக்கே சொன்னார்:
"இங்க வெயிலே இருபதைத் தாண்டாது மேடம்,
முப்பத்தஞ்செல்லாம் மேட்டுப்பாளையத்துக்குக் கீழ."

வெயில் தாண்டாதுதான்.
ஜன்னல் இடுக்கில் சாக்கைத் திணித்து, கதவைச் சாத்தி,
அடுப்போரம் விளக்கை நகர்த்திக்கொள்கிற ஊர் இது.
லைன் வீட்டில் பவளக்கொடியும் அப்படித்தான் நகர்த்தினாள்,
மகன் கணக்கு எழுத.
விளக்கின் கழுத்து சுடுகிறதே என்று
திரியை இறக்கக் கை நீட்டினாளாம்.

பையன் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான்.
அவளால் இன்னும்
வலப்பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை.

படிவத்தில் அவளுக்குக் கட்டம் இல்லை.
'பற்றும் வெப்பநிலை' என்பதற்கு உண்டு, விரல் அகலத்தில்.
19 என்று எழுதினேன்.
ஒன்றை மூன்றாக்க ஒரு சுழி போதும்,
ஊட்டி போய்ச் சேர்வதற்குள் எத்தனை மேஜைகள்.

பக்கத்திலேயே, கோட்டைத் தாண்டி,
கார்பன் தாளிலும் இறங்கும்படி அழுத்தி,
எழுத்தால்:
பத்தொன்பது.