ஐஸ் கம்பெனி ஊசல்

மெக்கானிக்ஸ் அரியரில் மூன்றாவது முறையும்
இருபத்தொன்பது.
பில் போடும் மேஜையின் இழுப்பறையில்
ரப்பர் பேண்டு போட்ட பாடப்புத்தகம்.
எந்தப் பக்கத்தைத் திறந்தாலும்
அமோனியா வாசனை.

இரவு இரண்டு மணிக்கு லாரிகள் வரும்.
ஈரப் பலகையில் தேசிங்கு ஒரு தள்ளு தள்ளிக்
கையை எடுத்துக்கொள்வான்.
ஐம்பது கிலோ ஐஸ் பார்
தொட்டவனையே மறந்ததுபோல
தானாகப் போகும், லாரி வாய்வரை.
"புறவிசை செயல்படாத வரை..." என்று
நான் முணுமுணுப்பேன்.
"பலக காஞ்சா நின்னுடும்" என்பான்,
வாளித் தண்ணீரை வீசியபடி.
இரண்டும் ஒரே வாக்கியம் என்று புரிய
எனக்கு ஒரு மழைக்காலம் ஆனது.

புலம் என்ற சொல்தான் ரொம்பப் படுத்தியது.
தொடாமல் எப்படி இழுக்கும்?
முகத்துவாரத்தில் மண் மேடிட்ட மாதங்களில்
ஓதம் ஏறக் காத்திருந்துதான்
போட்டுகள் முதுநகருக்குள் நுழையும்.
அந்த ஒரு மணி நேரத்தில்
பில் புத்தகம் பாதி தீர்ந்துவிடும்.
கார்பன் தாளால் கறுத்த விரல்களை
ஒரு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.
அட, நிலா
என் கல்லாப்பெட்டி வரைக்கும் நீள்கிறதே.

எங்கள் ஊரில் ஒரு கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது.
கல் மிதந்து கரை சேர்ந்ததாய்ச் சொல்லும் இடம்.
அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்து வளர்ந்துதான்
மிதத்தல் விதி படிக்கப் போனேன்.
பரீட்சையில் எல்லாக் கல்லும் மூழ்கியது.
கூடவே நானும்.

மூன்று வருஷத்துக்கு முன்னால்,
தேவனாம்பட்டினத்துக் கல்லூரி ஆய்வுக்கூடம்.
கடல்காற்று ஊசலைத் தள்ளுமென்று
சன்னலைச் சாத்திவிட்டு
நானும் சங்கவியும் எண்ணினோம்.
ஈர்ப்பு முடுக்கம் பத்து புள்ளி எட்டு எட்டு.
எங்கள் மேஜைக்கடியில் மட்டும்
பூமி கூடுதலாக இழுத்தது.
"ஒம்பது புள்ளி எட்டுன்னு எழுதுடி,
கையெழுத்து வாங்கிட்டுப் போலாம்."
விடையிலிருந்து பின்னோக்கி வந்து
நொடிகளை இட்டு நிரப்பினோம்.
அழகான அட்டவணை. பத்துக்குப் பத்து.
அந்தப் பத்து
இத்தனை நாளும் தொண்டையில்
காரப்பொடி முள்.

நேற்று கரண்ட் போனது.
கம்ப்ரசர் அதிர்வு இல்லாத முக்கால் மணி நேரம்.
ஹாய்ஸ்ட் கொக்கியில் வலைநூல் கட்டிப்
பித்தளை நட்டு ஒன்றைத் தொங்கவிட்டேன்.
தையல் டேப்பில்
முப்பத்தொன்பது அங்குலம் மூன்று நூல்,
நட்டின் நடு வரைக்கும்.
தேசிங்கு செல்போனில் நேரம் பிடித்தான்.
ஒன்று, என்று விட்டேன்.
இருபது வரை எண்ணினேன்.
மறுபடியும் பத்து புள்ளி எட்டு!

"உடும்போதே ஏன் ஒண்ணுங்கற?
பாரு லாரியில ஏறினாத்தான்
எனக்கு ஒண்ணு.
தள்ளினதுக்கெல்லாம் கூலி தருவானா?"

எமர்ஜென்சி விளக்கில்
நட்டு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.
விட்டதையே ஒன்றென்று எண்ணியிருக்கிறேன்.
இருபது இருபது என்று நினைத்து
மூன்று வருஷமாய்ப்
பத்தொன்பதில் நிறுத்தியிருக்கிறேன்.

பூஜ்யம், என்று விட்டேன்.
போய்த் திரும்பி வந்த பிறகு, ஒன்று.
நாற்பது புள்ளி இரண்டு நொடி.
பழைய பில்லின் முதுகில்
வகுத்து, வர்க்கமாக்கி, மீண்டும் வகுத்தேன்.
ஒன்பது புள்ளி ஏழு ஏழு.
புத்தகத்து எண்ணுக்குக் கொஞ்சம் குறைவு.
பேனா அதை எட்டாக்கப் பார்த்தது.
மூடி வைத்துவிட்டேன்.

கரண்ட் வந்தது.
கம்ப்ரசர் உறுமலில் நூல் நடுங்கி
நட்டு கோணலாய் வட்டம் போடத் தொடங்கியது.
வெளியே ஹாரன்.
தேசிங்கு பலகையை நனைக்கப் போனான்.

பரீட்சைக் கட்டணம் கட்ட
வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

முதல் பார் இறங்கியது.
லாரிக்குள் அது மோதும் சத்தம் கேட்ட பிறகு
ஒன்று, என்று எழுதினேன்.