ஒரு தே-ஓ, நாலு புள்ளி

காணாமல் போனது ஒரு குதிரை.
தோ பாயோவில், எங்கள் கோப்பிக்கடைக்கு எதிர் புளோக்கின் கீழ்த்தளத்தில்
கல்மேசை மேல் நின்ற கறுப்புக் குதிரை.
சீனச் சதுரங்கத்தில் குதிரைக்கு முகமில்லை, வாலில்லை.
வட்டமான மரவில்லை, அதன்மேல் ஓர் எழுத்து.
எனக்கு அதைப் படிக்கத் தெரியாது. ஆனால்
அடியில் நாலு புள்ளி இருக்கும்,
அவைதாம் கால்கள் என்று கோ ஒருமுறை காட்டியிருக்கிறார்.

பதினோரு நாளாக நடந்த ஆட்டம்.
தினமும் ஆளுக்கு நாலைந்து நகர்த்தல்,
அதற்குள் மழை, அல்லது பாலிகிளினிக்.
இரவில் என் ரொட்டிக்கூடையைக் கவிழ்த்து
மூடிவிட்டுப் போவார்கள், கோவும் சியோவும்.

குடியிருப்பாளர் குழு ஐரீன் அம்மா
ஐந்தே நிமிடத்தில் திருடனைப் பிடித்துவிட்டார்:
தரை பெருக்கும் ரஃபிகுல்.
"விடியலில் வேறு யார் இங்கே இருக்கிறார்கள்?"
ரஃபிகுல் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு
மூன்று குப்பைப் பைகளையும் தானே கொட்டிக் காட்டினான்.
டிஸ்யூ. டுரியான் ஓடு. ஒற்றைச் செருப்பு.
அதன்பின் அவன் என் கடைக்குத் தே குடிக்க வரவில்லை.

அது எனக்குப் பொறுக்கவில்லை.
ஒரு வெள்ளி இருபது காசுக்காக அல்ல.
சரி, கொஞ்சம் அதற்காகவும்தான்.

பூதக்கண்ணாடி இல்லை என்னிடம்,
கறை ஏறிய துணி வடிகட்டி இருக்கிறது.
இருபத்தாறு வருடமாக ஆட்களை
அவர்கள் கேட்கும் சர்க்கரையால் அறிவேன்.
வேலை போனவர் இனிப்பைக் கூட்டுவார்.
மருமகளோடு சண்டை என்றால் இஞ்சி.
டாக்டரைப் பார்த்து வந்தவர் கோசோங் என்பார்,
நாலாம் நாள் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சமாய்ப் போடு, சுபைதா."

கோ தாழ்த்தாதவர். ஆறு வருடமாகத் தே-ஓ கோசோங்,
பாலுமில்லை, சர்க்கரையுமில்லை. சியோவும் அதே.
குதிரை போன காலையில் கோ
கரண்டி கேட்டார்.
கலக்கினார், கலக்கினார்,
ஒன்றும் கரைய வேண்டாத தேயை
ஆறிப்போகும்வரை கலக்கினார்.

சாயங்காலக் கூட்டம் சேரட்டும் என்று காத்திருந்து
தேயை ஒரு கை நீளம் இழுத்தபடி
எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன்:
"குதிரை கிடைத்துவிட்டது. பால்டின் அடுக்குக்குப் பின்னால்!"
பச்சைப் பொய்.
ஐரீன் அம்மா கை தட்டினார். சியோ நிமிர்ந்தார்.
கோவின் இடது கை மட்டும்
சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

கடை சாத்தும் நேரம் கணக்குச் சீட்டை நீட்டினேன்.
தே-ஓவுக்கு ஒரு கோடு.
அதன் கீழே நாலு புள்ளி.

நெடுநேரம் பார்த்தார்.
பிறகு எங்கள் இருவருக்கும் பொதுவான சந்தை மலாயில் சொன்னார்:
சியோ பெர்த்துக்குப் போகிறார், மகளிடம்.
வீட்டை விற்றாயிற்று. வெள்ளிக்கிழமை விமானம்.
ஆட்டம் முடியாமல் கிடந்தால்
ஆள் திரும்பி வர வேண்டுமில்லையா.

ஆறுதல் என் வாயில் வரவில்லை.
"ரஃபிகுல் மூன்று நாளாகத் தே குடிக்கவில்லை" என்றேன்.

மறுநாள் குதிரை தன் கட்டத்தில் நின்றது.
"எடுத்தது நான்" என்று ஐரீன் அம்மாவின் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு
ஒரு தே தாரிக்கை நுரை தளும்ப ஏந்திப் போய்
ரஃபிகுல் முன்னால் வைத்தார் கோ.
வேறெதுவும் பேசவில்லை,
சர்க்கரை போதுமா என்று கேட்டதைத் தவிர.
ரஃபிகுல் உடனே தலையாட்டவில்லை.
முதலில் குடித்துப் பார்த்தான்.

வியாழக்கிழமை யார் ஜெயிக்க இருந்தார்களோ, தெரியாது.
மழை சாய்த்து அடித்தது, கூடையைக் கவிழ்த்தார்கள்.

வெள்ளி மதியம், சியோவின் டாக்சி வளைவு திரும்பியபின்
கூடையைத் தூக்கினேன்.
குதிரை இல்லை.
கோ என் பார்வையைப் புரிந்துகொண்டு
சட்டைப்பையை உள்பக்கம் வெளியே இழுத்துக் காட்டினார்:
பஸ் அட்டை, பாதி மாத்திரை.

அப்போதுதான் நினைவு வந்தது,
காலையில் சியோ
கரண்டி கேட்டிருந்தார்.

இந்த வழக்கை நான் எடுத்துக்கொள்ளவில்லை.
கூடையைப் பழையபடி கவிழ்த்துவிட்டு வந்தேன்.
ரொட்டிக்கு இனி வேறு கூடை வாங்க வேண்டும்.