திட்டில் விட்ட பூனை

கம்பெனிக் குவார்ட்டர்ஸில் பூனை கூடாதென்றார் மேனேஜர்.
சாக்கில் கட்டி, மூச்சுக்கு ஓட்டை போட்டு,
நாச்சிமுத்துவின் பரிசலில் போய்
சாமளாபுரத்துக் குளத்தின் நடுத்திட்டில் இறக்கினேன்.
ஐப்பசி. தண்ணீர் கரை தொட்டிருந்தது.
ரோட்டில் விட்டால் லாரி.
"மீனு கெடக்குதுங்க, பொழச்சுக்கும்" என்றார்.
இரக்கம்தான் என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

திட்டும் பழசில்லை.
தூர் வாரிய வருசம் பொக்லைன் கொட்டிய மண்.
மேலே சீமைக்கருவேலம், ஓரமெல்லாம் ஆகாயத்தாமரை,
அடியில் ஜிலேபிக் கெண்டை.
எல்லாம் எங்கிருந்தோ வந்தவை.
ஆள்காட்டி மட்டும்
நொய்யலில் சாயநுரை வருமுன்பே இங்கிருந்தது.

பங்குனியில் மறுபடி போனேன்.
வெறும் தரையில் நான்கு முட்டை,
மண்ணாங்கட்டிக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது.

ஆள்காட்டிக்கு வைத்தியம் எல்லாம் தெரியும்.
பருந்தின் நிழல் விழுந்தால்
ஒரு சத்தம், குஞ்சுகள் கல்லாகிவிடும்.
எருமை நீந்தி ஏறினால்
முட்டையின் மேல் நின்று இறக்கை விரித்து
அதன் மூஞ்சிக்கே கத்தும். எருமை விலகும்.
நாய் என்றால்
இறக்கை ஒடிந்ததுபோல் இழுத்து இழுத்து நடக்கும்.
நாய் வாயூறிப் பின்னால் போகும்,
தூரம் போனபின் பறவை எழும்பிவிடும்.

பூனைக்கும் அந்த நொண்டியைத்தான் காட்டியது.
சருகில் புரண்டது, ஒரு பக்கம் சாய்ந்தது.
பூனை பார்த்தது.
ஒரு கொட்டாவி.
பிறகு அது எங்கிருந்து புறப்பட்டதோ
அந்த இடத்துக்கு நிதானமாக நடந்து போய்
உட்கார்ந்துகொண்டது.

ஆள்காட்டி மேலேறியது.
பூனையை விட்டுவிட்டு
என் தலைக்கு மேல் சுற்றிச் சுற்றிக் கத்தியது.
கரையில் துணி துவைத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

ஐந்து சாயங்காலம் கருவாட்டோடு கூண்டு வைத்தேன்.
"டப்பி, டப்பி" என்று கூப்பிட்டேன்.
பேர் தெரிகிறது, காது திரும்புகிறது.
வரவில்லை.
கருவாட்டைக் கீரி தின்றுவிட்டுப் போனது.

இப்போது தண்ணீர் வற்றுகிறது.
வடக்குக் கரையிலிருந்து திட்டு வரைக்கும்
முதுகெலும்புபோல் ஒரு சேற்றுவரப்பு எழுந்திருக்கிறது.
"சித்திரையில நாய் ஏறீருமுங்க" என்கிறார் நாச்சிமுத்து,
துடுப்பைச் சேற்றில் ஊன்றியபடி.

ஏறும்.
இருட்டில் அந்தக் கால்சத்தத்தை
முதலில் கேட்பது ஆள்காட்டியாகத்தான் இருக்கும்.
குளமே விழிக்கக் கத்தும்.
அந்தக் கத்தலைக் கேட்டு
பூனை மரத்தில் ஏறிக்கொள்ளும்.